அப்பொல்லோவைத் தனியே அழைத்தவர்கள்

(தூய தொன் போஸ்கோ திருவிழாவையொட்டி வானொலியில் வழங்கப்பட்ட மறையுரையின் எழுத்து வடிவம்)



சனவரி 31ஆம் நாள், இளையோரின் தந்தையும் ஆசிரியருமான தூய தொன் போஸ்கோவின் திருவிழா. நம் பங்குகளில் இந்த வாரம் இளையோருக்குப் பாட்டுப் போட்டி நடக்கும், கைப்பந்துப் போட்டி நடக்கும், திருப்பலியில் இளையோரே வாசகம் வாசிப்பார்கள். எல்லாம் நல்லவையே. ஆனால் நான் இன்று இளையோரைப் பற்றிப் பேசப்போவதில்லை. அவர்களுக்கு வழிகாட்டிகளாக நாம் நியமிக்கிறோமே, அந்த அண்ணன்மாரையும் அக்காமாரையும் பற்றிப் பேச விரும்புகிறேன். அவர்களுக்கு என்ன தெரிய வேண்டும்? தெரிகிறதா என்று யார் பார்ப்பது? தெரியாததை யார் சொல்லிக்கொடுப்பது? இந்த மூன்று கேள்விகளே இன்றைய சிந்தனை.

ஏன் இந்தக் கேள்விகள் எனக்கு முக்கியமாயின என்று முதலில் சொல்லிவிடுகிறேன். அது பெருமைக்குரிய கதை அன்று.

ஏறத்தாழ பதினைந்து ஆண்டுகளுக்கு முன்பு நான் வேறொரு பங்கில் பணியாற்றினேன். அங்கே இளையோர் குழுவுக்கு ஒரு வழிகாட்டி தேவைப்பட்டார். இருபத்துநான்கு வயது இளைஞர் ஒருவர் இருந்தார். பகலில் கைப்பேசிக் கடையில் வேலை, மாலையில் கோயில். நன்றாகக் கிதார் வாசிப்பார், சிரித்த முகம், எந்த வேலை சொன்னாலும் முடியாது என்று சொல்லமாட்டார். ஒரு ஞாயிறு திருப்பலி முடிவில் அவரைப் பீடத்தருகே அழைத்து, "இனி இவர்தான் உங்கள் வழிகாட்டி" என்று அறிவித்தேன். மக்கள் கைதட்டினார்கள். மன்றத்தின் சாவியையும் ஒலிபெருக்கிப் பெட்டியின் சாவியையும் அவர் கையில் கொடுத்தேன். என் பார்வையில் நியமனம் முடிந்தது.

எட்டு மாதங்கள் கழித்து ஓர் இரவு, பாடல் பயிற்சி முடிந்து எல்லாரும் கிளம்பிய பிறகு, பொறியியல் கல்லூரியில் முதலாண்டு படித்த ஒரு தம்பி சைக்கிள் நிறுத்துமிடத்தில் இவரிடம் வந்து, "அண்ணா, எனக்கு வாழவே பிடிக்கவில்லை" என்று சொல்லியிருக்கிறான். நான்கு பாடங்களில் அரியர். வீட்டில் அப்பா பேசுவதை நிறுத்தி ஒரு மாதம் ஆகியிருந்தது. இவருக்கு என்ன சொல்வது என்று தெரியவில்லை. தமக்குத் தெரிந்ததைச் சொன்னார்: "செபம் பண்ணு தம்பி, எல்லாம் சரியாகிவிடும். ஞாயிற்றுக்கிழமை பாட வந்துவிடு." நான்கு நாள்கள் கழித்து அந்தத் தம்பி உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றான். இறைவன் இரக்கம் காட்டினார், அக்கம்பக்கத்தார் பார்த்து மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள், பிழைத்துக்கொண்டான்.

அந்த வாரம் கூடிய பங்குப் பேரவையில் நான் என்ன செய்தேன் தெரியுமா? அத்தனை பேர் முன்னிலையில் அந்த வழிகாட்டியைப் பார்த்து, "இவ்வளவு பெரிய விஷயத்தை என்னிடம் சொல்ல வேண்டும் என்றுகூடத் தெரியாதா?" என்று கேட்டேன். அவர் எழுந்து நின்றார். கண்கள் கலங்கியிருந்தன. "ஃபாதர், நீங்கள் எனக்கு மன்றத்துச் சாவியைக் கொடுத்தீர்கள். ஒரு பையன் வந்து அழுதால் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லிக்கொடுக்கவில்லையே" என்றார். மறுநாள் இரண்டு சாவிகளும் என் மேசைமேல் இருந்தன. அதன்பின் அவர் இளையோர் பணிக்குத் திரும்பவே இல்லை.

அந்தத் தம்பி பிழைத்தான். வழிகாட்டியை நான் இழந்தேன். அவருடைய பிழையால் அன்று, என் பிழையால்.

அன்பார்ந்தவர்களே, இதே போன்ற ஒரு சூழலைத் திருத்தூதர் பணிகள் நூல் 18ஆம் அதிகாரத்தின் இறுதியில் காண்கிறோம். எபேசு நகருக்கு அப்பொல்லோ என்று ஒருவர் வருகிறார். அலக்சாந்திரியாவில் பிறந்தவர், சொல்வன்மை மிக்கவர், மறைநூலில் தேர்ந்தவர், உள்ளத்தில் அனல் உள்ளவர். இன்று நம் பங்குக்கு இப்படி ஒருவர் வந்தால் அடுத்த ஞாயிறே ஒலிவாங்கியை அவர் கையில் கொடுத்துவிடுவோம். ஆனால் அவருக்கு ஒரு குறை இருந்தது. யோவான் கொடுத்த திருமுழுக்கை மட்டுமே அவர் அறிந்திருந்தார். அவர் பேசியது தவறு என்று லூக்கா சொல்லவில்லை; இயேசுவைப் பற்றிச் சரியாகவே கற்பித்தார் என்றுதான் சொல்கிறார். ஆயினும் அது முழுமையாக இல்லை. பாதி வழி தெரிந்த ஒருவர் மற்றவர்களுக்கு வழி காட்டிக்கொண்டிருந்தார்.

அந்தத் தொழுகைக்கூடத்தில் கேட்டுக்கொண்டிருந்தவர்களில் ஒரு தம்பதியர் இருந்தனர். அக்கிலா, பிரிஸ்கில்லா. பேரரசர் கிளவுதியு யூதர்களை உரோமையிலிருந்து வெளியேற்றியபோது புறப்பட்டு வந்தவர்கள். கூடாரம் செய்வது அவர்கள் தொழில். பவுலின் தொழிலும் அதுவே. தைக்கிறவர்களுக்கு ஒரு கண் உண்டு. பத்தடி தள்ளி நின்று பார்த்தால் அழகாகத் தெரிகிற கூடாரத்தில், எந்த இடத்தில் தையல் தளர்ந்திருக்கிறது, மழை வந்தால் எங்கே ஒழுகும் என்று அவர்களுக்குத் தெரியும். அப்பொல்லோவின் பேச்சிலும் அவர்கள் அந்த இடத்தைக் கண்டுகொண்டார்கள்.

கண்டுகொண்டபின் அவர்கள் செய்தவற்றைக் கவனியுங்கள். முதலில் முழுமையாகக் கேட்டார்கள். இரண்டாவதாக, கூட்டத்தின் நடுவில் எழுந்து மறுத்துப் பேசாமல் அவரைத் தனியே அழைத்துக்கொண்டு போனார்கள். மூன்றாவதாக, பேசுவதை நிறுத்து என்று சொல்லாமல், தெரியாமல் இருந்ததை இன்னும் திட்டவட்டமாக விளக்கினார்கள். நான்காவதாக, அவர் அக்காயாவுக்குப் போக விரும்பியபோது எபேசு சபையார் ஊக்கம் கொடுத்து, அவரை ஏற்றுக்கொள்ளும்படி அங்கிருந்த சீடர்களுக்குக் கடிதம் எழுதினார்கள். கேட்டல், தனியே அழைத்தல், கற்பித்தல், நம்பி அனுப்புதல். ஒரு பணியாளரின் திறனை மதிப்பிட்டு வளர்ப்பதற்கு இதைவிட நல்ல பாடநூல் எனக்குத் தெரியாது. பங்குப் பேரவையில் அன்று நான் இவற்றில் ஒன்றைக்கூடச் செய்யவில்லை.

இங்கே ஒரு கேள்வி எழும். "சாமி, இளையோர் பணி ஓர் அழைத்தல் அல்லவா? தூய ஆவியார் வழிநடத்துவார். அதில் போய் தேர்ச்சி, பயிற்சி, மதிப்பீடு என்று அலுவலகம்போல் பேசலாமா?" சில நல்ல மனிதர்கள் என்னிடம் இப்படிக் கேட்டதுண்டு. இறையருள் நம் இயல்பை அழிப்பதில்லை, அதை நிறைவாக்குகிறது என்பது தூய தாமஸ் அக்குவினாசிடம் நாங்கள் குருமடத்தில் கற்ற அடிப்படைப் பாடம். தூய ஆவியார் அப்பொல்லோவுக்கு நேரடியாகவே எல்லாவற்றையும் வெளிப்படுத்தியிருக்க முடியும். அவர் ஒரு தையல்காரத் தம்பதியரை அனுப்பினார். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் செபிக்கிறோம்; ஊசி போடத் தெரிந்தவரிடம்தான் கூட்டிப்போகிறோம். உடலுக்கு இவ்வளவு கவனம் காட்டுகிற நாம், அதே பிள்ளையின் ஆன்மாவை யார் கையில் ஒப்படைக்கிறோம் என்று கேட்பது விசுவாசக் குறைவாகுமா?

தொன் போஸ்கோவையே பாருங்கள். 1841 சூன் மாதம் தூரின் நகரில் அவர் குருவானார். அப்போதே அவருக்குப் பல கைவேலைகள் தெரியும். சிறுவனாக இருந்தபோதே கயிற்றில் நடந்து, வித்தை காட்டி, பிள்ளைகளைச் சேர்த்து செபம் சொன்னவர். இனி என்ன கற்க வேண்டும் என்று அவர் நினைத்திருக்கலாம். ஆனால் தூய யோசேப்பு கஃபாசோவின் வழிகாட்டுதலை ஏற்று, இளங்குருக்களுக்கான பயிற்சி இல்லத்தில் சேர்ந்து மூன்று ஆண்டுகள் மீண்டும் மாணவராக இருந்தார். கஃபாசோ அவரைச் சிறைகளுக்கு அழைத்துப் போனார். பதின்ம வயதுப் பிள்ளைகள் கம்பிகளுக்குப் பின்னால் இருப்பதையும், விடுதலையாகிச் சென்றவர்கள் மறுபடி அங்கேயே திரும்பி வருவதையும் தொன் போஸ்கோ கண்டார். வெளியே அவர்களுக்கு ஒரு நண்பர் இருந்திருந்தால் இப்படி ஆகியிருக்குமா என்று கேட்டுக்கொண்டார்.

அதே ஆண்டு டிசம்பர் 8, அமல உற்பவ அன்னையின் திருவிழா. திருவுடை அறையில் நின்ற பர்த்தலமேயு கரேலி என்ற அனாதை இளைஞனைக் கோயில் பணியாளர் விரட்டி அடித்தார். தொன் போஸ்கோ அவனைத் திரும்ப அழைத்துவரச் செய்தார். எழுதத் தெரியுமா, படிக்கத் தெரியுமா, பாடத் தெரியுமா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். எல்லாவற்றுக்கும் தெரியாது என்ற பதிலே வந்தது. கடைசியில், சீட்டி அடிக்கத் தெரியுமா என்று கேட்டார். கரேலி சிரித்துவிட்டான். அந்தச் சிரிப்பிலிருந்துதான் சலேசியப் பணி தொடங்கியது. "தெரியாது" என்று வெட்கப்பட்டு நிற்கிற பிள்ளையிடம், "தெரியும்" என்று சொல்லக்கூடிய ஒரு கேள்வி கிடைக்கும்வரை பொறுமையாகக் கேட்பது ஒரு தேர்ச்சி, அன்பார்ந்தவர்களே. அது எல்லாருக்கும் பிறப்பிலேயே வருவதில்லை, கற்றுக்கொள்ளக்கூடியது. 1850களின் தொடக்கத்தில் தம் பிள்ளைகளை வேலைக்கு அனுப்பியபோது, முதலாளிகளோடு எழுத்தில் ஒப்பந்தம் செய்து அதில் தாமும் கையெழுத்திட்டார். வேலை நேரம், ஓய்வு, நடத்தப்படும் விதம் எல்லாம் அதில் இடம்பெற்றன. பாசம் இருந்தால் போதும் என்று அவர் நினைத்திருந்தால் இந்த ஒப்பந்தங்களை எழுதியிருக்க மாட்டார்.

சரி, ஒரு வழிகாட்டியின் திறனை எதைக் கொண்டு அளப்பது? கூட்டத்துக்கு எத்தனை பேர் வருகிறார்கள் என்று எண்ணுவது எளிது. கலைநிகழ்ச்சி எப்படி இருந்தது என்று பேசுவது அதைவிட எளிது. இரண்டும் போதா.

குருமடத்தில் எங்களை நான்கு தளங்களில் பார்த்தார்கள்: மனித முதிர்ச்சி, ஆன்மிக வாழ்வு, அறிவு, மேய்ப்புப் பணி. தூய திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1992இல் குருக்களின் உருவாக்கம் பற்றி எழுதிய மடலும் இந்த நான்கையே வலியுறுத்துகிறது. ஆண்டு முடிவில் அதிபர் தந்தை ஒவ்வொருவரையும் தம் அறைக்கு அழைப்பார். எனக்கு அவர் சொன்னது இன்றும் நினைவிருக்கிறது: "நீ நன்றாகப் பேசுகிறாய். மற்றவர் பேசும்போது அவர் எப்போது முடிப்பார் என்று காத்திருக்கிறாய்." அன்று கோபம் வந்தது. இன்று நன்றியோடு நினைக்கிறேன். கதவைச் சாத்திவிட்டுச் சொன்னார் பாருங்கள், அதற்கும் சேர்த்துத்தான் நன்றி.

இளையோரே இந்த அளவுகோலைச் சொல்லியிருக்கிறார்கள். 2018 அக்டோபரில் இளையோரைப் பற்றிய ஆயர் மாமன்றம் உரோமையில் கூடியது. அதற்கு முன்பே மார்ச் மாதத்தில் பல நாடுகளிலிருந்து ஏறத்தாழ முந்நூறு இளையோரைத் திருத்தந்தை பிரான்சிஸ் அழைத்துக் கேட்டார். தங்களுக்கு எப்படிப்பட்ட வழிகாட்டி வேண்டும் என்று அவர்கள் சொன்னதை, 2019 மார்ச் 25 அன்று லொரேத்தோ திருத்தலத்தில் கையெழுத்திட்ட 'கிறிஸ்து வாழ்கிறார்' என்ற மடலின் 246ஆம் எண்ணில் அவர் சேர்த்துக்கொண்டார். நம்பிக்கை வாழ்வில் ஊன்றியவர், தீர்ப்பிடாமல் நெருங்கி வருபவர், உண்மையாகக் கேட்பவர், தம் எல்லையை அறிந்தவர், தாமும் தவறக்கூடியவர் என்று ஒத்துக்கொள்பவர், தங்களைப் பின்னால் இழுத்துச் செல்லாமல் பக்கத்தில் நடந்து வருபவர். இவைதான் அவர்கள் கேட்டவை. குறையே இல்லாதவர் வேண்டும் என்று கேட்கவில்லை. நன்றாகப் பாடுகிறவர் வேண்டும் என்றும் கேட்கவில்லை!

இவற்றை மனத்தில் வைத்து, எங்கள் பங்கில் கடந்த மூன்று ஆண்டுகளாக ஒரு சிறு முயற்சி செய்துவருகிறோம். எங்களிடம் ஏழு வழிகாட்டிகள் இருக்கிறார்கள். தவக்காலத்துக்கு முன் ஒருமுறை, ஆகஸ்டு மாத இளையோர் ஞாயிறுக்குப் பின் ஒருமுறை, அவர்கள் ஒவ்வொருவரும் பங்கிலுள்ள ஒரு மூத்த தம்பதியரோடு ஒருமணி நேரம் அமர்கிறார்கள். அக்கிலா, பிரிஸ்கில்லாவின் வேலையை அந்தத் தம்பதியர் செய்கிறார்கள். மதிப்பெண் கிடையாது. ஆறு கேள்விகள் உண்டு. ஒவ்வொரு பதிலுக்கும், "எதை வைத்துச் சொல்கிறீர்கள்?" என்று ஒரு துணைக்கேள்வியும் உண்டு.

முதல் கேள்வி: உங்கள் பொறுப்பிலுள்ள இளையோரில் எத்தனை பேரின் வீடு உங்களுக்குத் தெரியும்? இரண்டாவது: கடந்த கூட்டத்தில் நீங்கள் எவ்வளவு நேரம் பேசினீர்கள், அவர்கள் எவ்வளவு நேரம் பேசினார்கள்? மூன்றாவது: கடந்த ஆறு மாதங்களில் அவர்கள் கேட்டு, உங்களுக்குப் பதில் தெரியாமல்போன கேள்வி என்ன? அதற்குப் பின் என்ன செய்தீர்கள்? நான்காவது: உங்கள் எல்லைக்கு மேற்பட்டது என்று எதை, யாரிடம் கொண்டுபோனீர்கள்? ஐந்தாவது: நீங்கள் நாளைக்கு வேலை கிடைத்து வெளியூர் போய்விட்டால், உங்கள் இடத்தில் நிற்க யாரைத் தயார் செய்திருக்கிறீர்கள்? ஆறாவது: நீங்கள் எப்போது செபிக்கிறீர்கள்? உங்களுக்கு வழிகாட்டுபவர் யார்?

இந்தக் கேள்விகள் எவ்வளவு வெளிச்சம் தந்தன என்று நாங்களே எதிர்பார்க்கவில்லை. ஒருவர் கடிகாரத்தை வைத்துப் பார்த்துவிட்டு வந்து, "ஒருமணி நேரக் கூட்டத்தில் முக்கால் மணி நேரம் நானே பேசியிருக்கிறேன்" என்றார். பாடகர் குழுவில் அனைவரின் பெயரும், வீடும், பிறந்தநாளும் தெரிந்து வைத்திருந்த ஒரு சகோதரி, திருப்பலி நேரத்தில் வெளியே வேப்பமரத்தடியில் பைக்கில் சாய்ந்து நிற்கிற எட்டுப் பத்துப் பேரில் ஒருவரின் பெயர்கூடத் தமக்குத் தெரியவில்லை என்று கண்டுகொண்டார். யாரும் அவரைக் குறை சொல்லவில்லை. அடுத்த ஞாயிறு அவரே வேப்பமரத்தடிக்குப் போனார்.

எல்லாம் இனிதே நடந்தது என்று சொன்னால் அது பொய். முதல் ஆண்டு ஒருவர், "இத்தனை வருஷம் இலவசமாக உழைத்ததற்கு எனக்குப் பரீட்சை வைக்கிறீர்களா?" என்று கோபித்துக்கொண்டார். அவர் கோபத்தில் நியாயம் இருந்தது. மேலே இருக்கிறவர் கீழே இருக்கிறவரை அளக்கிறார் என்று தோன்றினால் யாருக்குத்தான் வலிக்காது? ஆகவே மறு ஆண்டு முதலில் என்னையே அந்த நாற்காலியில் உட்கார வைக்கச் சொன்னேன். இளையோரிடமும் பெயர் போடாமல் எழுதி வாங்கச் சொன்னேன். வந்த சீட்டுகளில் ஒன்று இப்படி இருந்தது: "நாங்கள் பேசும்போது ஃபாதர் கைப்பேசியைப் பார்க்கிறார்." குருமட அதிபர் கண்ட அதே குறை, முப்பது ஆண்டுகள் கழித்து, புதிய வடிவத்தில்! இப்போது இளையோரோடு அமரும்போது கைப்பேசியை அறையிலேயே வைத்துவிட்டு வருகிறேன். கோபித்துக்கொண்ட அந்தச் சகோதரரும் அந்த ஆண்டு அமர்ந்தார்.

அளந்தால் மட்டும் போதாது, வளர்க்க வேண்டும். அளந்துவிட்டுக் கைவிடுவது, மருத்துவர் நோயின் பெயரைச் சொல்லிவிட்டு மருந்து எழுதாமல் அனுப்புவதற்குச் சமம். எனவே ஒவ்வொரு உரையாடலின் முடிவிலும் ஒரே ஒரு தேர்ச்சியைத் தேர்ந்துகொள்கிறோம். ஆறு மாதத்துக்கு அது ஒன்றே. கேட்கப் பழக வேண்டியவர், நன்றாகக் கேட்கத் தெரிந்த ஒருவர் நடத்தும் கூட்டத்தில் பேசாமல் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பார். விவிலிய அறிவு வேண்டியவருக்கு நானே மாதம் இருமுறை வகுப்பு எடுக்கிறேன். பங்கில் இருக்கும் செவிலியரும், பள்ளியில் உளவள ஆலோசகராக இருக்கும் ஒரு சகோதரியும், ஒரு வழக்கறிஞரும் ஆளுக்கு ஒரு சனிக்கிழமை தந்தார்கள். தேடிப்பார்த்தால் ஒவ்வொரு பங்கிலும் இப்படி ஆள்கள் இருப்பார்கள். நாம் அவர்களிடம் நன்கொடை கேட்டிருப்போம். அவர்களுக்குத் தெரிந்ததைக் கேட்டிருக்க மாட்டோம்.

மாதம் ஒருமுறை வழிகாட்டிகள் எல்லாரும் சேர்ந்து அமர்கிறோம். பெல்ஜியம் நாட்டுக் குருவான ஜோசப் கார்டின் 1925இல் இளம் கிறிஸ்தவத் தொழிலாளர் இயக்கத்தைத் தொடங்கியபோது கற்றுத்தந்த வழியே எங்களுக்கு உதவுகிறது: பார்த்தல், சீர்தூக்குதல், செயல்படுதல். திருத்தந்தை தூய இருபத்துமூன்றாம் யோவான் 1961இல் தம் சுற்றுமடலில் பரிந்துரைத்த முறை இது. இந்த மாதம் எந்த இளைஞரோடு எனக்கு என்ன நடந்தது என்று ஒருவர் உள்ளபடி சொல்வார். யாருடைய பெயரும் வெளிவராது. நற்செய்தியின் ஒளியில் அதைச் சீர்தூக்குவோம். பிறகு ஒரு சிறு செயலை முடிவு செய்வோம். அடுத்த மாதம் அந்தச் செயலிலிருந்தே பேச்சு தொடங்கும். பதினைந்து ஆண்டுகளுக்கு முன் இப்படி ஒரு மாதாந்தர அமர்வு இருந்திருந்தால், அந்த வழிகாட்டி சைக்கிள் நிறுத்துமிடத்தில் தனியாகத் தவித்திருக்க மாட்டார்.

எல்லாத் தேர்ச்சிகளிலும் கட்டாயமான இரண்டைப் பற்றி மட்டும் தனியாகச் சொல்கிறேன். இவற்றில் விதிவிலக்கு கிடையாது.

ஒன்று, எல்லையை அறிதல். ஓர் இளைஞரோ இளம்பெண்ணோ "வாழப் பிடிக்கவில்லை" என்று சொன்னால் அதை விளையாட்டாக எடுக்கக் கூடாது. அறிவுரை சொல்ல அவசரப்படக் கூடாது. உயிரை விட்டுவிடும் எண்ணம் இருக்கிறதா என்று நேராக, அன்போடு கேட்கலாம். அப்படிக் கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. தனியாக விட்டுப் போகக் கூடாது. நம்பிக்கைக்குரிய பெரியவர் ஒருவரை உடனே சேர்த்துக்கொள்ள வேண்டும். மத்திய அரசின் 'டெலி மானஸ்' மனநல உதவி எண் 14416; தமிழ்நாட்டில் 104 என்ற எண்ணும் உண்டு. "யாரிடமும் சொல்லாதீங்க அண்ணா" என்று அந்தப் பிள்ளை கெஞ்சினாலும், உயிர் சம்பந்தப்பட்ட இரகசியத்தைத் தனியாகச் சுமப்பேன் என்று வாக்குக் கொடுக்கக் கூடாது. செபிக்க வேண்டும். செபித்துக்கொண்டே தொலைபேசியையும் எடுக்க வேண்டும்.

இரண்டு, சிறார் பாதுகாப்பு. 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, பதினெட்டு வயதுக்குட்பட்ட பிள்ளைக்குப் பாலியல் தீங்கு நடந்ததாகத் தெரியவந்தால், தெரிந்தவர் காவல்துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். மறைப்பது குற்றம். சிறார் உதவி எண் 1098. திருஅவையிலும் அப்படியே: திருத்தந்தை பிரான்சிஸ் 2019 மே மாதத்தில் வெளியிட்ட சட்ட மடல், குருக்களும் துறவியரும் இத்தகைய புகாரைத் திருஅவை அதிகாரியிடம் தெரிவிக்க வேண்டியதைக் கடமையாக்கியது. "கோயில் பெயர் கெட்டுவிடும்" என்ற பேச்சுக்கு இதில் இடமே இல்லை. கோயில் பெயரைவிட அந்தப் பிள்ளை பெரிது. ஆகவே மூடிய அறையில் ஒரு பிள்ளையோடு தனியாக இருப்பதில்லை, இரவில் தனிச் செய்தி அனுப்புவதில்லை, பயணம் என்றால் இரண்டு பெரியவர்கள், பெற்றோரின் எழுத்துபூர்வமான சம்மதம் என்று எழுதி மன்றத்தின் சுவரிலேயே ஒட்டியிருக்கிறோம். இது வழிகாட்டியையும் சேர்த்துக் காப்பாற்றுகிறது.

அன்பார்ந்தவர்களே, ஒரு சங்கடமான செய்தியையும் சொல்லிவிடுகிறேன். இந்த முயற்சியைத் தொடங்கிய ஆண்டில், எங்கள் பங்கின் வரவு செலவுக் கணக்கை எடுத்துப் பார்த்தேன். கொடியேற்றத்துக்கு ஒரு வரி, சப்பரத்துப் பூவுக்கு ஒரு வரி, சீரியல் விளக்குக்கு ஒரு வரி, ஒலிபெருக்கிக்கு ஒரு வரி, வாணவேடிக்கைக்கு ஒரு வரி. இளையோர் வழிகாட்டிகளின் பயிற்சிக்கு என்று ஒரு வரிகூட இல்லை. கணக்கு எழுதியவரைக் குறை சொல்ல முடியாது, கையெழுத்திட்டவன் நான். இப்போது ஒரு வரி இருக்கிறது. சிறிய தொகைதான். வாணவேடிக்கை ஐந்து நிமிடம் குறைந்தது. புனிதர் கோபித்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

கேட்டுக்கொண்டிருக்கும் உங்களில் பலர் வழிகாட்டிகள் அல்லர். உங்களுக்கு இதில் என்ன பங்கு என்று கேட்கலாம். உங்கள் பங்கில் இளையோரை நடத்துகிற அந்தத் தம்பியையோ தங்கையையோ நினைத்துப் பாருங்கள். அவர்களில் பெரும்பாலோர் பகலெல்லாம் வேலை செய்துவிட்டு, களைப்போடு கோயிலுக்கு வருகிறவர்கள். அவர்களிடம் ஒரு குறை கண்டால் அன்பியக் கூட்டத்திலோ வாட்ஸ்அப் குழுவிலோ போடாதீர்கள். வீட்டுக்கு அழையுங்கள். ஒரு காப்பி கொடுங்கள். முதலில் அவர்கள் செய்த நல்லதைச் சொல்லுங்கள். பிறகு தெரியாததைச் சொல்லிக்கொடுங்கள். பணி ஓய்வு பெற்ற ஆசிரியர்களே, பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கிய பெற்றோரே, நீங்கள்தான் அக்கிலாவும் பிரிஸ்கில்லாவும். அவர்கள் இருவரும் குருமடத்தில் படித்தவர்கள் அல்லர். ஊசியும் நூலும் பிடித்தவர்கள்.

வழிகாட்டிகளுக்கும் ஒரு சொல். அப்பொல்லோ ஊரறிந்த பேச்சாளர். இரண்டு தொழிலாளர்கள் வந்து "கொஞ்சம் வாருங்கள்" என்றபோது அவர் போனார். அந்தப் பணிவு இல்லாமல் போயிருந்தால் எபேசோடு அவர் கதை முடிந்திருக்கும். பின்னாளில் கொரிந்து சபையில் சிலர் "நான் அப்பொல்லோவைச் சார்ந்தவன்" என்று கட்சி கட்டினார்கள். அதற்குப் பவுல் சொன்ன பதிலின் சாரம் இது: நட்டவர் ஒருவர், நீர் பாய்ச்சியவர் ஒருவர், வளரச் செய்தவர் கடவுள். இளையோர் உங்களைச் சுற்றிக் கூடுவது இறைவன் தந்த வாய்ப்பு. அவர்கள் உங்களைத் தாண்டி கிறிஸ்துவிடம் போய்ச் சேர்ந்தார்களா என்பதே உங்கள் பணியின் கடைசி அளவுகோல்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு திருமண வரவேற்பில் அந்தப் பழைய வழிகாட்டியைப் பார்த்தேன். இப்போது சொந்தமாகக் கடை வைத்திருக்கிறார். மனைவி, இரண்டு பிள்ளைகள். கூட்டத்திலிருந்து சற்று ஒதுக்குப்புறமாக அவரை அழைத்துப் போனேன். பதின்மூன்று ஆண்டுகள் தாமதமாகத் தனியே அழைத்தேன். "அன்று நான் செய்தது தவறு, என்னை மன்னித்துவிடு" என்றேன். சிறிது நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "பரவாயில்லை ஃபாதர். இப்ப இருக்கிற பசங்களுக்காவது சொல்லிக்கொடுங்க" என்றார்.

அவர் கேட்டதைத்தான் இன்று வானொலி வழியாக உங்கள் அனைவரிடமும் கேட்கிறேன். நம் பங்கில் யாருடைய கையிலோ இன்று ஒரு மன்றத்தின் சாவி இருக்கிறது. அவரிடம் இந்த வாரம் ஒரு பிள்ளை வந்து அழக்கூடும். அதற்குள் நாம் அவரோடு ஒருமணி நேரம் அமர்வோமா?

செபிப்போம். நல்லாயனே இயேசுவே, எம்மாவுக்குப் போன இருவரோடு நீர் நடந்தீர். முதலில் அவர்கள் மனத்துயரைக் கேட்டீர். பின்னரே மறைநூலை விளக்கினீர். எங்கள் இளையோரோடு நடக்கிற அண்ணன்மாருக்கும் அக்காமாருக்கும் கேட்கும் செவியையும், கற்கும் பணிவையும், தம் எல்லையை அறியும் ஞானத்தையும் தாரும். அவர்களைத் தனியே விட்டுவிட்ட எங்களை மன்னியும். எங்கள் பங்குகளில் அக்கிலாக்களையும் பிரிஸ்கில்லாக்களையும் எழுப்பும். தூய தொன் போஸ்கோவே, எங்கள் இளையோருக்காகவும் அவர்களுடைய வழிகாட்டிகளுக்காகவும் வேண்டிக்கொள்ளும். எல்லாம் வல்ல இறைவன், தந்தை, மகன், தூய ஆவியார் உங்கள் அனைவரையும் ஆசீர்வதிப்பாராக. ஆமென்.